கனரக ஆலையில் சராசரியை நம்பாதீர்கள்

சிமெண்ட் ஆலையோ எஃகு ஆலையோ, சுற்றுச்சூழல் பொறுப்பாளராகச் சேருபவரின் மேசைக்கு முதலில் வருவது மாதச் சராசரி அறிக்கைதான். தூசி, கழிவுநீர், புகைபோக்கி வாயு எல்லாம் வரம்புக்குள் இருப்பதாக அது சொல்லும். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் சராசரியை யாரும் சுவாசிப்பதில்லை. சூளை மூட்டப்படும் இரவு, மின்சாரம் நின்றுபோன அரை மணி நேரம், கனமழையில் கழிவுநீர்க் குட்டை வழிந்த விடியற்காலை, இவைதான் மண்ணிலும் நுரையீரலிலும் தங்குகின்றன. காலநிலை மாற்றம் பெருக்குவதும் இதே நேரங்களைத்தான். அதனால் சுற்றுச்சூழலுக்கு ஒரு கோப்பு, காலநிலை இடருக்கு இன்னொரு கோப்பு என்று பிரித்து வைக்க வேண்டாம் என்று புதிதாக வருபவர்களிடம் நான் விடாமல் சொல்லி வருகிறேன்.

முதல் வேலை, கெட்ட நேரங்களைப் பட்டியல் போடுவது. அதற்கான தகவல் ஆண்டறிக்கையில் கிடைக்காது. ஷிஃப்ட் குறிப்பேட்டில் கிடைக்கும். சிமெண்ட் சூளையில் இஎஸ்பி என்று எல்லோரும் சொல்லும் மின்நிலைத் தூசிவடிப்பானையே எடுத்துக்கொள்ளுங்கள். சூளை வாயுவில் கார்பன் மோனாக்சைடு ஒரு அளவைத் தாண்டினால் அதன் மின்சாரம் தானாகவே துண்டிக்கப்படும். உள்ளே எழும் தீப்பொறி வாயுவைப் பற்றவைத்து வெடித்துவிடக் கூடாதே என்பதற்கான பாதுகாப்பு அது. அந்தச் சில நிமிடங்களுக்குத் தூசி பிடிபடாமல் புகைபோக்கி வழியாக அப்படியே வெளியேறுகிறது. நாள் சராசரியில் அது கரைந்துபோகும்.

குறிப்பேட்டைப் புரட்டி, எப்போது துண்டித்தது, எவ்வளவு நேரம், அதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது என்று மூன்று பத்திகளில் எழுதுங்கள். பல ஆலைகளில் விடை எரிபொருளில் போய் நிற்கும்: நிலக்கரி சீராக விழவில்லை, அல்லது ஈரமான மாற்று எரிபொருள் ஒரேயடியாக உள்ளே போயிருக்கிறது. அப்படியானால் பெரிய தூசிவடிப்பான் வாங்குவது பணத்துக்குக் கேடு. எரிபொருள் ஊட்டும் கருவியைச் சரிசெய்ய வேண்டும். இரவு ஷிஃப்டில் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து, அங்கே கருவிகளை இயக்குபவரிடம் கேட்டால், எந்த ஒலி வந்தால் எது நிற்கும் என்று அவரே சொல்வார். அந்த அறிவு எந்த அறிக்கையிலும் ஏறியிருக்காது. அக்கம்பக்கத்துப் புகார்ப் பதிவேட்டையும் இதனோடு சேர்த்துப் படியுங்கள். புகார் வந்த நேரம், காற்றின் திசை, ஷிஃப்ட் குறிப்பு மூன்றையும் ஒன்றாக வைத்தால் காரணம் பெரும்பாலும் கண்ணில் படும். புகார் சொன்னவரிடம் அதை நேரில் சொல்லிவிடுவது நம் கடமை.

கார்பனுக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அது ஆலை நன்றாக ஓடும் நேரத்தில்தான் வெளியேறுகிறது. சிமெண்டின் மூலப்பொருளான சுண்ணாம்புக்கல், தூயதாக 100 கிலோ, சூளையில் முழுமையாகச் சிதைந்தால் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். எந்த எரிபொருளை எரித்தாலும் இந்த 44 கிலோ குறையாது, ஏனென்றால் அது கல்லுக்குள்ளேயே இருக்கிறது. சிமெண்டின் உமிழ்வில் பாதிக்கும் மேல் இப்படி வருவதுதான். கூரையில் சூரிய மின்தகடு பதித்துப் படமெடுத்துப் போடும் ஆலைகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அது வேண்டியதுதான், ஆனால் நோய் வேறிடத்தில் இருக்கிறது. சிமெண்டில் கிளிங்கரின், அதாவது சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டு எடுக்கும் கட்டிகளின், பங்கைக் குறைப்பதே முதல் மருந்து: அதன் இடத்தில் உலைக் கசடு, நிலக்கரிச் சாம்பல், சுட்ட களிமண்ணோடு சுண்ணாம்புக்கல் தூள். எஃகிலும் இதே கதைதான். ஊதுலையில் கோக் (நிலக்கரியைக் காற்றில்லாமல் சுட்டு எடுக்கும் கரி) வெறும் எரிபொருள் அல்ல, தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்குவதும் அதுதான். எனவே பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்குவதும், கோக்கின் இடத்தில் ஹைட்ரஜனைக் கொண்டுவருவதும்தான் பெரிய வழிகள்.

பெரிய வழிகளுக்கு ஆண்டுகள் பிடிக்கும். இந்த வாரமே தொடங்கக்கூடிய வேலை, அழுத்தக் காற்றுக் குழாய்களின் கசிவைத் தேடுவது. கவனிக்காத ஆலைகளில் கம்ப்ரசர் தரும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை கசிவாகவே போவதுண்டு. உயர் மின்னழுத்தச் சாதனங்களில் மின்காப்புக்காக இருக்கும் எஸ்எஃப்6 (சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு) வாயுவையும் கணக்கில் சேருங்கள். புவியைச் சூடாக்குவதில் அது நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல 20,000 மடங்குக்கும் மேல் வலியது.

அடுத்தது நீர். காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அது பெரிய மழையாக இறங்கும். ஆனால் உங்கள் வடிகால்கள் கட்டப்பட்ட காலத்தின் மழைக் கணக்கில்தான் நிற்கின்றன. மழை கொட்டும்போது குடையோடு வெளியே போய்ப் பாருங்கள். கூரைமேல் விழும் நல்ல நீர் எங்கே நிலக்கரிக் குவியலின் கரிய நீரோடு கலக்கிறது? வெளிவடிகாலின் அடைப்பு வால்வு உண்மையிலேயே மூடுகிறதா? அதன் சாவி இரவில் யாரிடம் இருக்கிறது? வரைபடத்தில் மூடிய வால்வு தரையில் துருப்பிடித்துத் திறந்தே கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கழிவுத் தேக்கங்கள் இன்னும் கடுமையான விஷயம். பிரேசிலின் புருமடின்யோவில் இரும்புத்தாதுச் சுரங்கத்தின் கழிவு அணை 2019 ஜனவரி 25 அன்று உடைந்து 270 பேர் இறந்தார்கள். அந்த அணையில் புதிய கழிவு சேர்ப்பது 2016-லேயே நின்றுவிட்டிருந்தது. பயன்பாடு முடிந்த தேக்கத்திலும் உள்நீர் மட்டத்தை அளந்துகொண்டே இருக்க வேண்டும். அளவு ஏறினால் யார் உத்தரவையும் எதிர்பாராமல் கீழே இருப்பவர்களை வெளியேற்றும் அதிகாரம் ஒருவர் கையில் எழுத்துபூர்வமாக இருக்க வேண்டும்.

காலநிலை இடருக்கு நான் பயன்படுத்தும் முறை எளிது. ஒவ்வொரு முக்கியக் கருவியிடமும் ஒரே கேள்வி: எந்த எண்ணில் நீ நிற்பாய்? குளிரூட்டும் கோபுரத்தால் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு) கீழே நீரைக் குளிர்விக்க முடியாது. அதன் வடிவமைப்பு எண் என்ன, கடந்த கோடைகளில் அதை எத்தனை முறை தாண்டினோம் என்று பாருங்கள். ஆற்றுநீரும் ஆற்றுப் போக்குவரத்தும் எந்த மட்டத்தில் நின்றுபோகும்? 2018 இலையுதிர் காலத்தில் ஐரோப்பாவின் ரைன் நதியில் நீர்மட்டம் மிகவும் இறங்கியபோது கரையோர ரசாயன ஆலைகள் மூலப்பொருள் வராமல் உற்பத்தியைக் குறைத்தன.

வெள்ளத்துக்கு, அளவீட்டாளரை அழைத்து வெள்ளம் எட்டக்கூடிய உயரத்தில் ஆலை முழுவதும் தூண்களில் ஒரே மட்டத்தில் வண்ணக் கோடு போடச் சொல்லுங்கள். பிறகு கோட்டுக்குக் கீழே எவை இருக்கின்றன என்று நடந்து பாருங்கள். ஜெனரேட்டர், மின்மாற்றி, தீயணைப்புப் பம்பின் மோட்டார் மூன்றும் கோட்டுக்குக் கீழே இருந்தால், அவசரத் திட்டம் என்ற காகிதம் செல்லாது. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயலின்போது அமெரிக்காவில் டெக்சாஸின் கிராஸ்பியில் நடந்தது இதுவே. குளிரில் வைத்தே ஆகவேண்டிய கரிமப் பெராக்சைடுகள் அங்கே ஒரு ரசாயன ஆலையில் இருந்தன. வெள்ளத்தில் மின்சாரம் போனது, மாற்று ஜெனரேட்டர்களும் செயலிழந்தன. குளிர்சாதன டிரெய்லர்களுக்கு மாற்றிய சரக்கும் சூடேறி எரிந்தது. சுற்றிலும் ஒன்றரை மைலுக்குள் இருந்தவர்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

வெப்ப அலையில் உலைமேடைத் தொழிலாளர்களை மறந்துவிட வேண்டாம். நிழலில் பார்க்கும் வெப்பநிலை அவர்களுக்குப் பொருந்தாது. ஈரப்பதமும் உலையின் கதிர்வீச்சும் சேர்ந்த டபிள்யூபிஜிடி அளவை அங்கேயே எடுத்து, ஓய்வு நேரத்தை அதன்படி வையுங்கள். வேலையை நிறுத்தும் உரிமை அவர்களுக்கும் இருக்கட்டும்.

இவ்வளவையும் தனிப் பட்டியலாக மேலிடத்துக்கு அனுப்பினால் அது அங்கேயே தூங்கும். ஆண்டுப் பராமரிப்பு நிறுத்தத்தின் வேலைப் பட்டியலில், பொறுப்பாளர் பெயரும் தேதியும் போட்டுச் சேருங்கள். ஊதுலை இருக்கும் ஆலையில், அடுத்த உட்சுவர் மறுகட்டுமானம் எந்த ஆண்டு என்று முதலில் கேளுங்கள். ஒருமுறை கட்டினால் 15 முதல் 20 ஆண்டுகள் அந்த உலையும் அதன் கோக்கும் தொடரும். மாற்று வழிகளின் ஆய்வு அந்தத் தேதிக்குச் சில ஆண்டுகள் முன்பே நிர்வாகத்தின் கையில் இருக்க வேண்டும். செங்கல்லுக்கு ஆர்டர் போன பிறகு அதைப் படிக்க யாருக்கும் நேரமிருக்காது.