பலகாரக் கடைக்கு ஆன்லைனும் வேணும், நோட்டீஸும் வேணும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல பலகாரக் கடை வச்சிருக்கீங்க, ஃபேஸ்புக்ல போஸ்ட் போடுறீங்க, தீபாவளிக்கு நோட்டீஸும் குடுக்குறீங்க, ஆனா ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லாம ஓடிட்டிருக்கும், அங்கதான் காசு வீணாகுது.

முதல்ல கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் போடுங்க, கூகுள்ல தேடுறவங்களுக்கு கடை விவரத்தைக் காட்டுற பக்கம், இலவசம்தான். கடை நேரமும் வாசல் போட்டோவும் சரியா இருக்கணும்.

அடுத்து வாட்ஸ்அப் பிசினஸ், கடைக்காரங்களுக்கான வாட்ஸ்அப், இதுதான் உயிர். அதோட கியூஆரை கவுண்டர்ல காசு கட்டுற டூயிட்நவ் கியூஆர் பக்கத்துல ஒட்டுங்க, காசு கட்ட எப்படியும் போனை எடுத்திருப்பாங்க, ஆனா மேல பெரிசா வாட்ஸ்அப்னு எழுதிடுங்க, இல்லாட்டி குழம்பிடுவாங்க. "நம்பரை சேவ் பண்ணிக்குங்க அக்கா"ன்னு வாய்விட்டு கேளுங்க, ஏன்னா சேவ் பண்ணாதவங்களுக்கு பிராட்காஸ்ட் லிஸ்ட்ல, அதாவது ஒரே மெசேஜை பல பேருக்கு மொத்தமா, அனுப்புறது போகவே போகாது. இதைத் தெரியாம எத்தனை கடைக்காரங்க மாசக்கணக்கா மெசேஜ் அனுப்பிட்டு காத்திருக்காங்க, பார்த்தா மனசு கஷ்டமா இருக்கு.

பசார் மாலாம்ல (ராத்திரி சந்தையில) ஸ்டால் போட்டா டப்பா மேலயும் அதே கியூஆர். நோட்டீஸ்ல ஒரு வார்த்தை, ஃபேஸ்புக்ல வேற வார்த்தை, அந்த வார்த்தையைக் கடையில சொன்னா ரெண்டு முறுக்கு கூடன்னு போடுங்க, யார் எதைச் சொல்றாங்கன்னு நோட்டுல டிக் பண்ணிட்டே வாங்க, எந்தப் பக்கம் ஆள் வருதுன்னு தெரிஞ்சிடும். பேனர் கட்டுறதுக்கு முன்னாடி டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகராட்சி) லைசென்ஸ் எடுத்துடுங்க.