வீட்டிலிருந்து இட்லி மாவு வியாபாரம்: ஊறவைப்பதற்கு முன் போட வேண்டிய கணக்கு

மாவு வியாபாரம் தொடங்கப் போவதாகச் சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்தக் கிரைண்டர் வாங்கப் போறீங்க?" என்பதுதான். அதைக் கடைசியில் பார்க்கலாம். நன்றாக மாவு அரைக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அரைத்ததை அளவுக்கு மீறிப் புளிக்கும் முன் விற்று, காசையும் கையில் வாங்கிவிடுகிறவர்கள் குறைவு. மாலையில் எத்தனை பாக்கெட் மிஞ்சும் என்பது காலையில் எத்தனை படி அரிசி ஊறவைத்தீர்கள் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது. அதனால் இந்தச் செய்முறை அரிசியிலிருந்து தொடங்கவில்லை.

படி 1: ஆர்டர் வாங்கிக்கொண்டு ஊறவையுங்கள்

உங்கள் தெரு, அடுத்த தெரு, பக்கத்து அடுக்குமாடி. முதல் மாதத்துக்கு இது போதும். ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, முந்தின நாள் இரவே "நாளைக்கு எத்தனை கிலோ?" என்று கேளுங்கள். வந்த ஆர்டருக்கு மேல் இரண்டு மூன்று கிலோ மட்டும் கூடுதலாகப் போடுங்கள்.

கூடவே இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: இன்று இரவு தோசைக்கா, நாளைக் காலை இட்லிக்கா? இரவுக்கு என்றால் பொங்கிய மாவு கொடுக்க வேண்டும். காலைக்கு என்றால் அப்போது அரைத்த மாவே நல்லது. இது தெரியாமல் கொடுத்துவிட்டு, "மாவு புளிச்சிடுச்சு", "மாவு பொங்கவே இல்லை" என்று இரண்டு பக்கமும் பேச்சு வாங்குகிறவர்கள் உண்டு.

படி 2: ஒரு ஈட்டுக்கு, அதாவது ஒரு தடவை போடும் மாவுக்கு, கணக்கு

இதில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். கீழே உள்ள விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் மளிகை ரசீதைப் பார்த்து மாற்றிப் போடுங்கள்.

இட்லி அரிசி 8 கிலோ, கிலோ 45 ரூபாய் என்றால் 360. உருட்டு உளுந்து 2 கிலோ, 130 வீதம் 260. வெந்தயம், உப்பு 20. பொருள் செலவு மொத்தம் 640 ரூபாய். தண்ணீர் சேர்ந்து, கிரைண்டரிலும் பாத்திரத்திலும் ஒட்டியது போக, 22 கிலோ மாவு தேறுகிறது என்று வைப்போம். உளுந்து புதுசா பழசா என்பதைப் பொறுத்து இது கூடும், குறையும். நீங்களே தராசில் போட்டுப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

பலர் இங்கேயே கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். கிலோவுக்கு 29 ரூபாய் அடக்கம், 60-க்கு விற்றால் பாதிக்குப் பாதி லாபம்! மீதியையும் எழுதுங்கள். பையும் லேபிளும் ஒரு கிலோ பாக்கெட்டுக்கு 3 ரூபாய் வீதம் 66. மின்சாரம், தண்ணீர் 40. பெட்ரோல் 60. கழுவி, அரைத்து, பாக்கெட் போட்டு, கொண்டுபோய்க் கொடுக்கும் உங்கள் கூலி 300. "நம்ம வீட்டு வேலைக்கு எதுக்குக் கூலி?" என்று யாராவது கேட்டால் காதில் வாங்காதீர்கள். நாளைக்கு ஓர் ஆளை வைத்தால் அந்தப் பணத்தைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். எல்லாம் சேர்த்து 1106 ரூபாய். பாக்கெட்டுக்கு 50 ரூபாய்க்குச் சற்று மேல்.

இப்போது 60 ரூபாய் விலை போட்டு, கடைக்காரருக்குப் பத்து ரூபாய் விட்டு, 22 பாக்கெட்டையும் கடையிலேயே போட்டால் கைக்கு வருவது 1100. ஆறு ரூபாய் துண்டு விழுகிறது. அதில் மூன்று பாக்கெட் விற்காமல் திரும்பினால் வரவு 950-தான். உங்கள் கூலியில் பாதி போய்விட்டது. அதே 22-ல் 12 பாக்கெட்டை வீடுகளுக்கு நேரடியாக 60-க்கும், பத்தைக் கடைக்கு 50-க்கும் கொடுத்தால் 1220 வரும். கூலி போக 114 ரூபாய் மிச்சம்.

ஈட்டை இரட்டிப்பாக்கினால் பொருளும் பையும் மின்சாரமும் இரட்டிப்பாகும். பெட்ரோலும் வேலை நேரமும் அவ்வளவு ஏறாது. பெட்ரோல் 80, கூலி 450 என்று போட்டால் 44 பாக்கெட்டுக்கு 2022 ரூபாய், அதாவது ஒன்றுக்கு 46. தினமும் 44 போகும் என்ற உறுதி இருந்தால்தான் இது பலிக்கும்.

படி 3: மாவு ஒரே மாதிரி வர வேண்டும்

நேற்று மல்லிகைப்பூ, இன்று கல் என்றால் வாடிக்கையாளர் மூன்றாம் நாள் வேறு கடைக்குப் போய்விடுவார். ஆடுதுறை 37 மாதிரியான குண்டு அரிசி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரே மண்டியில் வாங்குங்கள். உளுந்து மூட்டை மாறும்போதெல்லாம் கால் கிலோ தனியாக அரைத்து, எவ்வளவு உபரியாகிறது என்று பாருங்கள். பழைய உளுந்து தண்ணீர் இழுக்காது. கையளவில் போடாமல், அரிசி, உளுந்து, தண்ணீர், உப்பு எல்லாவற்றையும் எடை போட்டு நோட்டில் எழுதுங்கள்.

சித்திரை வெயிலில் ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கும் மாவு மார்கழியில் பத்து மணி நேரம் தாண்டியும் அசையாமல் இருக்கும். கோடையில் குளிர்ந்த தண்ணீர் விட்டு அரைத்தால் அரைக்கும்போதே சூடேறாது. பாக்கெட்டில் கால் பங்கு காலியாக விடுங்கள். புளிக்கும்போது வாயு உண்டாகி பை உப்பும், வாய்வரை நிரப்பினால் வெடிக்கும். மாவில் சோடா உப்பு சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

படி 4: காகிதங்கள்

பயப்படும் அளவுக்கு இதில் ஒன்றுமில்லை. எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு கட்டாயம். 2011-ல் வந்த விதிமுறை, ஆண்டு விற்பனை 12 லட்சம் வரை உள்ள சிறு உற்பத்தியாளர்களைப் பெரிய உரிமத்திலிருந்து விலக்கி, நூறு ரூபாய்க் கட்டணத்தில் எளிய பதிவை வைத்தது. அந்த ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் புகைப்படமும் அடையாளச் சான்றும் கொடுத்து நீங்களே விண்ணப்பிக்கலாம். 14 இலக்க எண் ஒன்று வரும்.

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு முழுக்க இலவசம். ஆதார், பான் போதும். அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிக் காசு பறிக்கும் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். பணம் கேட்டால் அது உத்யம் தளம் இல்லை. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது.

பலர் விட்டுவிடுவது எடைச் சட்டம். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் தொழிலாளர் துறையின் முத்திரை வேண்டும். பாக்கெட் போட்டு விற்பவராகவும் அங்கே 500 ரூபாய் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். லேபிளில் பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, பாக்கெட் போட்ட தேதி, எதுவரை பயன்படுத்தலாம், தொகுதி எண், வரிகள் உட்பட அதிகபட்ச விலை, உங்கள் முகவரி, புகாருக்குத் தொலைபேசி, பச்சைப் புள்ளி, அந்த 14 இலக்க எண் எல்லாம் இருக்க வேண்டும். தேதி இல்லாத பாக்கெட்டைக் கடைக்காரர் பழைய மாவென்று சொல்லித் திருப்பினாலும் உங்களால் மறுத்துப் பேச முடியாது.

வீட்டு மின் இணைப்பில் வியாபாரத்துக்கு அரைப்பதும் கூடாது. குறுந்தொழிலுக்கு உள்ள 3ஏ1 கட்டணத்தில் தனி இணைப்பு கிடைக்குமா என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேளுங்கள்.

படி 5: கடைக்குப் போடும்போது

முதலில் மூன்று கடை, அதற்கு மேல் வேண்டாம். ஃபிரிட்ஜ் இரவில் அணைக்கப்படாத கடையா என்று பாருங்கள்; மின்கட்டணம் மிச்சம் பிடிக்க அணைக்கிற கடைகள் இருக்கின்றன, மறுநாள் அங்கே உங்கள் பெயர்தான் கெடும்.

ரிட்டர்னைப் பற்றி முதல் நாளே பேசிவிடுங்கள். திருப்பி எடுக்க மாட்டேன் என்றால் புதிய ஆளைக் கடைக்காரர் உள்ளே விட மாட்டார். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறேன் என்றால் அவர் கணக்கில்லாமல் வாங்கி அடுக்குவார். நான் சொல்வது: முதல் இரண்டு வாரம் முழு ரிட்டர்ன், பிறகு பத்துக்கு ஒன்று. கடைவாரியாகப் போட்டது, திரும்பியது என இரண்டு பத்தி எழுதுங்கள். தொடர்ந்து பத்தில் இரண்டு திரும்பும் கடைக்கு எட்டுதான் போட வேண்டும். அதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

பாக்கியும் அப்படித்தான். நேற்றுப் போட்டதற்கு இன்று காசு, ஜிபேயில் போட்டாலும் சரி. வாரக் கணக்கு என்று ஆரம்பித்தால் அது மாதக் கணக்காகும், அரிசி மண்டியில் உங்களுக்குக் கடன் ஏறும். வியாபாரப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்து, கூலியை மட்டும் வீட்டுக்கு எடுங்கள்.

படி 6: இப்போது கிரைண்டர்

வீட்டுக் கிரைண்டரில் திரும்பத் திரும்ப ஓட்டியும் ஆர்டர் தீரவில்லை, தொடர்ந்து ஒரு மாதம் இப்படி என்றால் பத்து லிட்டர் சாய்ப்பு கிரைண்டர் வாங்கலாம். புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்களில் வணிக ரகங்களும் உண்டு. உதிரிப் பாகமும் பழுது பார்ப்பவரும் உங்கள் ஊரில் கிடைப்பார்களா என்பதே முக்கியம். கிரைண்டருக்கும் முன்னால் வாங்க வேண்டியது, கடை ரக ஃபிரிட்ஜ். மிஞ்சியதை இன்னொரு நாள் காப்பாற்றித் தருவது அதுதான்.

கடன் தேவைப்பட்டால் மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கிடைக்கும். பெரிதாகச் செய்ய நினைத்தால் மாவட்டத் தொழில் மையத்தில் பிஎம்இஜிபி என்ற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் பற்றிக் கேளுங்கள். பெண்களுக்கு நகரத்தில் திட்டச் செலவில் 25, கிராமத்தில் 35 சதவீதம் மானியம் உண்டு. மானியம் உடனே கைக்கு வராது, மூன்று ஆண்டு வங்கியில் முடங்கிக் கிடந்து பிறகுதான் கடனில் கழியும். தவணையை மானியம் இல்லாமலே கட்ட முடியுமா என்று படி 2-ன் கணக்கில் ஒரு வரி சேர்த்துப் பார்த்துவிட்டு, முடியும் என்று வந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.