பழைய மஸ்டாங்கைச் சீரமைக்க: முதலில் கௌல், பிறகு என்ஜின்

1965, 66 ஃபோர்டு மஸ்டாங்கை வீட்டு கராஜிலேயே சீரமைக்கலாம். பாகங்கள் பெரும்பாலும் புதிதாகவே கிடைக்கின்றன, அமைப்பும் எளிது. ஆனால் இந்த வண்டிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. தரைத்தகடும் அதோடு பற்றவைத்த பக்கச் சட்டங்களும்தான் மொத்த எடையையும் தாங்குகின்றன. அதனால் துரு வேலையை முடிக்காமல் என்ஜினில் பணம் போடவே கூடாது.

வாங்கும் முன் வண்டி எண்ணைப் படித்துப் பாருங்கள். ஓட்டுநர் பக்க உள் மட்கார்டின் மேல்விளிம்பில் அது பொறித்திருக்கும். முதல் இலக்கம் ஆண்டு. அடுத்த எழுத்து ஆலை: எஃப் என்றால் டியர்பார்ன், ஆர் என்றால் சான் ஹோசே, டி (T) என்றால் மெட்டச்சன். பிறகு 07 ஹார்டுடாப், 08 கன்வெர்ட்டிபிள், 09 ஃபாஸ்ட்பேக். அதற்கடுத்த எழுத்து என்ஜின்: டி (T) என்றால் 200 கன அங்குல ஆறு சிலிண்டர், சி, ஏ, கே மூன்றும் 289 வி8. ஆறு சிலிண்டர் வண்டியில் வி8 ஏற்றி விற்பது சகஜம். சக்கரத்தில் ஐந்துக்குப் பதில் நான்கு நட்டு இருந்தால் பிரேக்கும் பின் ஆக்சிலும் பழைய சிறிய வகைதான்; அதை மாற்றும் செலவையும் பேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். எண் பொறித்த தகடு துருப்பிடித்திருந்தாலும் வெட்டி எறியாதீர்கள். சட்டச் சிக்கல் வரும்.

அடுத்தது கௌல். முன்கண்ணாடிக்கு அடியில், வைப்பர்களுக்கு முன்னால் வரிவரியாகத் துளைகள் இருக்கும் பகுதி அது. உள்ளே மேலும் கீழுமாக இரண்டு தகடுகள். நடுவில் காற்று போக இரு பக்கமும் தொப்பி மாதிரி எழும்பிய வளையங்கள். இலைச் சருகு அந்த வளையங்களைச் சுற்றித் தேங்கி, ஈரத்தைப் பிடித்து வைத்து, தகட்டைத் தின்றுவிடும். சோதனை சுலபம்: தரைவிரிப்பை எடுத்துவிட்டு, ஒருவர் மேலே மெதுவாகத் தண்ணீர் ஊற்ற, இன்னொருவர் டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். முழுத் தண்ணீரும் கதவுக்கு முன்னால் வெளியே வடிய வேண்டும். உள்ளே ஒரு சொட்டு விழுந்தாலும் கௌலைப் பிரித்தாக வேண்டும். மேலிருந்து சீலன்ட் பூசி மூடுவது வீண். துரு அடியில் தொடரும், நாளடைவில் புதுத் தரைத்தகடும் ஓட்டையாகும்.

பிரிக்க பானெட், முன் மட்கார்டுகள், வைப்பர், முன்கண்ணாடி எல்லாம் கழல வேண்டும். தகடுகளைச் சேர்க்கும் புள்ளிப் பற்றுகளை வெட்டும் 8 மி.மீ. ஸ்பாட் வெல்டு கட்டரால் மேல்தகட்டை மட்டும் துளையுங்கள். அடித்தகடும் ஓட்டையானால் திரும்ப உட்கார வைக்கும்போது வேலை இரட்டிப்பாகும். கீழ்த்தகட்டைச் சீர்செய்து, எபாக்ஸி பிரைமர் அடித்து, மேல்தகட்டை மூடும் முன் எல்லா இணைப்பிலும் சீம் சீலர் (சந்தை அடைக்கும் பசை) போட்டு, மறுபடியும் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

தரைத்தகட்டை வெட்டும் முன் பெட்ரோல் டேங்கைக் கழற்றுங்கள். இந்த வண்டியில் டேங்கின் மேற்புறமே டிக்கியின் தரை. பக்கத்தில் வெல்டிங் பொறி பறந்தால் உயிருக்கே ஆபத்து. பேட்டரியையும் கழற்றுங்கள். வண்டியை ஜாக் ஸ்டாண்டுகளில் சமமட்டமாக நிறுத்தி, கதவுச் சந்துகளை அளந்து எழுதிவையுங்கள். கன்வெர்ட்டிபிள் என்றால் கதவு வாசலில் குறுக்குக் குழாய் பற்றவைத்த பிறகே வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் தொய்ந்து கதவு மூடாது. ஒரு பக்கம் முடித்த பிறகே அடுத்த பக்கம்.

மிக் வெல்டிங்குக்கு 0.6 மி.மீ. கம்பி, 75 சதவீதம் ஆர்கான், 25 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. தொடர்ச்சியாகக் கோடு இழுத்தால் மெல்லிய தகடு வளைந்துபோகும். இங்கொன்று அங்கொன்றாகப் புள்ளி வைத்து, கை வைத்துப் பார்க்கும் அளவுக்கு ஆறிய பிறகு அடுத்த புள்ளி. பழைய இணைப்புகளில் ஈயம் இருக்கும், பிரேக் டிரம் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். நல்ல சுவாச முகமூடி கட்டாயம். தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

பெயின்டைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று: பட்டி 3 மி.மீ.க்கு மேல் தேவைப்பட்டால் டிங்கரிங் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

289 என்ஜினைப் பிரித்துப் பூட்டும்போது ஹெட் போல்ட்டுகளை 50, 60, பிறகு 65–72 அடி-பவுண்டு என்று மூன்று தடவையாக இறுக்குங்கள். ஈயமில்லாப் பெட்ரோலில் வால்வு இருக்கைகள் தேயக்கூடும் என்பதால் எக்ஸாஸ்ட் பக்கம் கடினமாக்கிய இருக்கைகள் போடுவது நல்லது. வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் புதிதாகப் போட்டால் அதுதான் அதிகம் வீணாவது. அதன் மேடுகளுக்கு எண்ணெய் கிராங்க் சுழன்று தெறிப்பதால்தான் கிடைக்கிறது. ஐடிலில் அது போதாது. ஆகவே துத்தநாகம் அதிகமுள்ள பிரேக்-இன் எண்ணெய் ஊற்றி, டிஸ்ட்ரிபியூட்டரை (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பாகம்) எடுத்துவிட்டு, கால் அங்குல அறுகோணக் கம்பியை டிரில்லில் மாட்டி எண்ணெய் பம்பைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுங்கள். வால்வுகளை அழுத்தும் ராக்கர்களில் எண்ணெய் வந்த பிறகே டிஸ்ட்ரிபியூட்டர் உள்ளே போகட்டும். சிலிண்டர்கள் பற்றும் வரிசை 1-5-4-2-6-3-7-8. முதல் சிலிண்டர் பயணி பக்கம், முன்னால். ஸ்டார்ட் ஆன நொடியே 2000 ஆர்பிஎம்முக்கு ஏற்றி, 2000–2500க்குள் மாற்றி மாற்றி 20 நிமிடம் ஓட்டுங்கள். கார்பரேட்டரில் பெட்ரோல் இல்லாமல் நெடுநேரம் கிராங்க் செய்தால் கேம் அங்கேயே தேய்ந்துவிடும். ஓட்டி முடித்ததும் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றி, பழைய ஃபில்டரை வெட்டி உலோகத்தூள் மினுங்குகிறதா என்று பாருங்கள்.

முன் காயில் ஸ்பிரிங் மேல் கண்ட்ரோல் ஆர்ம் மீது உட்கார்ந்திருக்கும். இதற்கென்றே உள்ள ஸ்பிரிங் கம்ப்ரஸர் (ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி) இல்லாமல் தொடாதீர்கள். 1966 வரை பிரேக் மாஸ்டர் சிலிண்டர் (மிதித்ததும் பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பாகம்) ஒற்றைச் சுற்றுதான். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். 1967 முதல் ஃபோர்டே இரட்டைச் சுற்றுக்கு மாறியது. அந்த வகை சிலிண்டரும், புது ஸ்டீல் குழாய்களும், மூன்று ரப்பர் ஹோஸ்களும் போட்ட பிறகே வண்டி கராஜை விட்டு வெளியே வரலாம். அசல் தோற்றம் போய்விடுமே என்று இதில் மட்டும் தயங்க வேண்டாம்.