சிக்கிக்கிட்ட பழைய பாக்கெட் ராட்செட் திருப்புளியை மறுபடி ஓட வைக்கிறது எப்படி

கிருஷ்ணகிரி பழையபேட்டை பக்கம் ஒரு பழைய இரும்புக்கடைல இந்த ராட்செட் திருப்புளி (ஒரு பக்கம் ஸ்க்ரூவ திருகி, எதிர்ப்பக்கம் சும்மா நழுவற வகை) கெடைச்சது. பேனா நீளம்தான், பின்னாடி மூடிய திருகினா உள்ள நாலு பிட்டு, ரெண்டு ஃப்ளாட் ரெண்டு ஸ்டார். "சுத்தவே மாட்டேங்குது தம்பி, எடைக்கு எடுத்துக்கோ"ன்னாரு கடைக்கார அண்ணன். இப்ப டிக்டிக்டிக்னு ஓடுது, கேக்கவே அவ்ளோ சந்தோஷமா இருக்குது.

முதல்ல, வாங்கும்போதே பிட்டை விரல்ல புடிச்சுக்கிட்டு கைப்பிடிய திருப்பிப் பாருங்க. ஒரு பக்கம் பிடிக்கணும், எதிர்ப்பக்கம் டிக்டிக்னு நழுவணும், திசை மாத்தற பட்டனை நடுவுல வச்சா லாக் ஆகணும். ரெண்டு பக்கமும் சத்தமே இல்லாம சுத்துனாலோ சுத்தவே மாட்டேன்னாலோ, பெரும்பாலும் பழைய கிரீஸ் காஞ்சு உள்ள பல்லுச் சக்கரத்துல மாட்டற கொக்கி ஒட்டிக்கிட்டிருக்கும், சரி பண்ணிடலாம். அழுத்தும்போது கரகரன்னு நழுவுனா பல்லு தேஞ்சிருக்கு, விட்டுடுங்க.

அடுத்து, தலைப்பகுதிய மட்டும் ராத்திரி முழுக்க டீசல்ல ஊற வைங்க. கைப்பிடி நனையக்கூடாது, தின்னர் கிட்டயே கொண்டுபோகாதீங்க, அந்தக் காலத்து செல்லுலோஸ் பிளாஸ்டிக் கரைஞ்சிடும். சில மஞ்சள் கைப்பிடில வெள்ளையா பூத்து வாந்தி நாத்தம் அடிக்கும், அதுக்கு சோப்புத் தண்ணியும் பழைய பிரஷ்ஷும் போதும்.

காலைல பட்டனை முன்ன பின்ன தள்ளித் தள்ளி ஆட்டுங்க, கறுப்பா அழுக்கு வரும், முக்கால்வாசி இதுலயே ஓடிரும். அப்பவும் ஓடலன்னா மட்டும் கழட்டுங்க, அதுவும் ஒரு பெரிய பாலிதீன் கவருக்குள்ள கைய விட்டுத்தான். நான் மேஜை மேல வச்சுக் கழட்டி, கடுகு சைஸ் குண்டும் ஸ்பிரிங்கும் தெறிச்சுப் போயி ரெண்டு மணி நேரம் டார்ச் அடிச்சுத் தேடுனேன். ஒவ்வொரு பார்ட்டையும் கழட்டறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்கோங்க.

தையல் மெஷின் ஆயில் ரெண்டு சொட்டு விடுங்க, கிரீஸ் வேணவே வேணாம், அந்த முடி மாதிரி ஸ்பிரிங்குக்கு கிரீஸ்ல மாட்டுன கொக்கிய தள்ள தெம்பு கிடையாது.

பாடிய துணியால தொடச்சா போதும். உப்புத்தாள் போட்டா முத்திரையும் பேட்டன்ட் நம்பரும் அழிஞ்சிடும், வயசு கண்டுபிடிக்க அதுதான் வழி. இன்னொண்ணு, ஸ்டார் ஸ்க்ரூ அமெரிக்கால ஹென்றி ஃபிலிப்ஸ் மூலமா 1930-கள்லதான் பரவுச்சு, அதனால ஸ்டார் பிட்டு ஒரிஜினல் செட்டோடதுன்னா உங்க திருப்புளி அதுக்கு அப்புறம் வந்தது.

வேலைக்கு எடுக்கறீங்கன்னா, கடைசி டைட்டை எப்பவும் லாக்ல வச்சுக் கொடுங்க.