மருந்து அனுப்புவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் சாலையோரம் குவிந்து கிடந்த பழந்துணி மூட்டைகள் பலருக்கு நினைவிருக்கும். அதே சமயம் இந்தோனேசியாவின் ஆச்சேயில் குவிந்தது மருந்து. அங்கே சுமார் 4,000 டன் வந்து இறங்கியது. பாதிக்கு மேல் லேபிள் உள்ளூர்க்காரர்களுக்குப் புரியாத மொழியில் இருந்தது. சுமார் 600 டன்னை அழிக்க வேண்டும் என்று பின்னர் கணக்கிட்டார்கள். பழந்துணி கிடந்தால் மக்கும். மருந்தை அப்படிப் போட்டுவிட முடியாது, முறைப்படி எரிக்க வேண்டும். எல்லாம் இழந்து நிற்கிற ஊர்தான் அந்தச் செலவையும் சுமக்கிறது.

கேட்டதைக் கொடுக்காமல், கையில் இருப்பதைக் கொடுப்பதுதான் முதல் தவறு. மருந்து போக வேண்டிய இடத்திலிருந்து பட்டியல் வராமல் ஒரு பெட்டிகூடக் கட்டாதீர்கள்.

அடுத்தது காலாவதித் தேதி. கிடங்கில் தேங்கிய சரக்கை நன்கொடைக் கணக்கில் தள்ளிவிடுவது, நிதியாண்டு முடியும் மார்ச்சில் அவசரமாக வாங்கி அனுப்புவது, இரண்டுமே வேண்டாம். போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டாவது மீதமிருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். துறைமுகம், சுங்கம், தலைநகரக் கிடங்கு, மாவட்டக் கிடங்கு என்று தாண்டிக் கிராமத்து மருத்துவமனைக்குப் போவதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

குளிர்ச்சி விஷயத்தில் நல்ல மனதுள்ளவர்களே அதிகம் தவறுகிறார்கள். வெயில் பட்டால் தடுப்பூசி கெடும் என்று பயந்து, ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே பெட்டிக்குள் அடுக்குவார்கள். ஹெபடைட்டிஸ் பி, பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி) போன்ற தடுப்பூசிகள் உறைந்தால் வீண். பிறகு 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்தாலும் வீரியம் திரும்பாது. குப்பியில் ஒட்டியிருக்கும் வெப்பம் காட்டும் அடையாளமும் உறைந்ததைக் காட்டாது. ஐஸ் பேக்கை வெளியே வைத்துக் காத்திருங்கள். காதருகே குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். அப்போதுதான் பெட்டிக்குள் போகலாம். இந்தக் கொஞ்ச நேரப் பொறுமைக்கு ஒரு கிராமத்துக் குழந்தைகளின் பாதுகாப்பே பணயம்.

மருந்தைக் கொடுத்துவிட்டு லாரிக்கும் டீசலுக்கும் கிடங்கு ஊழியர் சம்பளத்துக்கும் கணக்கில் இடம் விடாமல் இருப்பதும் பெரிய தவறு. ஈக்கடியால் பரவிப் பார்வையைப் பறிக்கும் ஆற்றுக் குருட்டுநோய்க்கான ஐவர்மெக்டின் மாத்திரையைத் தேவைப்படும் அளவுக்கு, தேவைப்படும் காலம் வரை தருவதாக மெர்க் நிறுவனம் 1987-இல் அறிவித்தது. மாத்திரை இலவசம்தான். ஆனாலும் உதவி அமைப்புகளும் அரசுகளும் பணம் போட்டு, கிராமத்துத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போனதால்தான் அது வாய்க்குப் போய்ச் சேர்ந்தது.

நிறுவனங்கள் பொருளைத்தான் தர வேண்டும் என்றில்லை, தொழில் தெரிந்த ஆட்களையும் தரலாம். 2015 நேபாள நிலநடுக்கத்தின்போது காத்மாண்டு விமான நிலையத்துக்கு இருந்தது ஒரே ஓடுபாதை. வந்து இறங்கிய நிவாரணப் பொருட்களைப் பிரித்து அடுக்க அங்கே டிஹெச்எல் சரக்கு நிறுவனம் தன் ஆட்களை அனுப்பியது. அந்த நேரத்தில் இன்னொரு விமானம் நிறைய மருந்தைவிட அதுதான் பெரிய உதவி என்பேன்.

கடைசியாக, பெட்டி கட்டுகிறவர்களுக்கு. மருந்தோடு போர்வை, பிஸ்கட் கலக்காதீர்கள். பிராண்ட் பெயரோடு நிறுத்தாமல் மருந்தின் பொதுப்பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி, அளவு எல்லாவற்றையும் வெளியே எழுதுங்கள். யார் பெற்றுக்கொள்வார் என்பதைப் புறப்படும் முன்பே பேசி உறுதிசெய்யுங்கள். ஒரு பெட்டி 50 கிலோவைத் தாண்டவே கூடாது. அங்கே ஃபோர்க்லிஃப்ட் இருக்காது, இரண்டு பேர் கையால்தான் தூக்குவார்கள்.