வன்னி வெக்கையில் படுக்கையறையைச் சீராக்குதல்

வட இலங்கையின் வன்னிப் பகுதியிலுள்ள வீட்டுத்திட்டச் சிற்றறையொன்றில் இரவு 10 மணிக்கும் வெக்கை தணியாதிருப்பதற்கு, பகல் முழுவதும் வெயிலை உறிஞ்சிய மேற்குச் சுவரும் கூரையுமே பெரும்பாலும் காரணம். மாலை 6 மணியளவில் நான்கு சுவர்களிலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். எது சுடுகிறதென்று உடனே தெரியும். கட்டிலின் தலைமாடு அந்தச் சுவரோடு ஒட்டியிருந்தால், அதை எதிர்ப்பக்கத்துக்கு நகர்த்திவிட்டு, அலுமாரியைச் சூடான சுவரருகே நான்கு விரல் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். வடக்கே தலைவைக்கக் கூடாதென்று மூத்தவர்கள் சொல்வார்கள். கிழக்குத் தலைமாட்டை அவர்களும் மறுக்கமாட்டார்கள்.

ஆனால் அலுமாரி யன்னலை மறைக்கலாகாது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றை வீணாக்குவது, என் பார்வையில், இவ்வறைகளில் நிகழும் மிகப் பெரிய தவறு. காற்று நுழைய ஒரு வழியும் வெளியேற இன்னொரு வழியும் வேண்டுமாதலால், ஒரேயொரு யன்னலுள்ள அறையில் கதவை மூடாமல், நுளம்பு வலைத் திரையொன்றைத் தொங்கவிடலாம். கட்டிலுக்கு வலை கட்டுபவர்கள் மேசை விசிறியைச் சற்று அருகே வைக்க வேண்டும், ஏனெனில் நெருக்கமான வலைக்கண்கள் காற்றின் வேகத்தைக் குறைத்துவிடும்.

தகரக் கூரையின்மேல் பின்னிய தென்னோலைக் கிடுகு பரப்புவது பழைய வழி. இன்றும் பயன் தரும். மார்கழி மழைக்கு முன் கட்டிலைச் சுவரிலிருந்து அரையடி விலக்கி, அடியில் அடைத்த பெட்டிகளை வெளியேற்றுங்கள். இல்லாவிடில் மெத்தையின் அடிப்புறத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.