வளவைத் துப்புரவாக்கும் முன் தேரையைத் தேடுங்கள்

கொழும்பில் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் குடியேறுபவர்களுக்கு இது தேவைப்படாது. தெகிவளை, நுகேகொடை, தலவத்துகொடைப் பக்கம் இரண்டு தென்னையும் ஒரு கொய்யாவும் நிற்கிற வளவோடு வீடு எடுத்தவர்களுக்காக எழுதுகிறேன்.

வந்து சில கிழமைக்குள் பீ.எச்.ஐ. என்று எல்லாரும் சொல்லும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கேற்றைத் தட்டுவார். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டப்படி, வளவில் நுளம்புக் குடம்பி இருந்தால் அங்கே குடியிருப்பவரும் பொறுப்புச் சொல்ல வேண்டும். வழக்கு வரைக்கும் போகும். அந்தப் பயத்தில் ஆளைப் பிடித்து ஒரே நாளில் வளவை மொட்டையடித்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். வாரிக் குவித்த சருகை மூன்றாம் நாள் கொளுத்தினேன். தணிந்த பிறகு கிளறினால், அடியில் மூன்று தேரைகள் கருகிக் கிடந்தன. நிழலும் ஈரமும் கிடைத்ததென்று அந்தக் குவியலுக்குள் போய்ப் படுத்திருக்கின்றன. இன்றைக்கும் அது மனதை விட்டுப் போகவில்லை.

டெங்கு நுளம்புக்கு வேண்டியது தேங்கிய தண்ணீர். சிரட்டை, யோகட் கோப்பை, பழைய டயர், சருகு அடைத்த கூரைப் பீலி, பூச்சாடியின் அடித்தட்டு, இவற்றில் தயவே வேண்டாம். முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும் என்பதால் கிழமைக்கு ஒருக்கால் பாருங்கள். தேரை தேடுவதோ ஈரமண். கல்லுக்கு அடியிலும் பொச்சுக் குவியலிலும் கிடக்கும். தண்ணீர் தேங்காத சருகை ஒரு மூலையில் விட்டுவைத்தால் பரிசோதகருக்கும் குறையில்லை.

இலண்டனிலிருந்து திரும்பியவர்களுக்கு, அங்கே தவளைகள் குளிர்காலத்தை இலைக்குவியலுக்குள் உறங்கிக் கழிப்பது தெரிந்திருக்கும். இங்கே அந்த உறக்கம் இல்லை. வெயில்தான் ஒளிக்க வைக்கிறது. தவளைக்குத் தோல்வழியாகத்தான் தண்ணீர். தோல் காய்ந்தால் உயிர் போய்விடும். அதனால் மழை குறைந்த ஜனவரி, பெப்ரவரியில்தான் மிகக் கவனம் வேண்டும். நாம் வளவைத் துப்புரவாக்க வசதியென்று நினைப்பதும் அந்த மாதங்களைத்தான்.

போன பெப்ரவரியில் பூச்சாடி ஒன்றைச் சரித்தேன். மண்ணில் கிண்ணம்போல ஒரு குழி; அதில் தேரை. இமையில் மண், கால்கள் உள்ளே மடங்கி, தொண்டை மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. மண்ணுக்கும் அதற்கும் நிறவித்தியாசமே இல்லை. முதுகில் செம்மஞ்சள் பட்டையுள்ள உருண்டைத் தவளையும் உண்டு. அது பின்னங்காலால் தோண்டிப் பின்பக்கமாகவே மண்ணுக்குள் இறங்கும். மண்வெட்டியை ஓங்கிப் போட்டால் தப்பாது.

முதலில் கையுறை போட்டுக் கையால் கிளறுங்கள், புல்வெட்டும் மெஷின் பிறகு. ஒரு பக்கத்திலிருந்து தொடங்கி, வேலியோரமாக அவை ஓட வழி விடுங்கள். மாலையில் வேண்டாம், அவை வெளிவரும் நேரம் அது. களைநாசினி, மண்ணெண்ணெய், பிளீச் மூன்றும் அந்தத் தோலுக்கு நஞ்சு. கண்டால் ஈரக்கையால் தூக்கி நிழலில் விடுங்கள். பிறகு கையைக் கழுவுங்கள், தேரையின் காதுப்பக்கச் சுரப்பியில் நஞ்சு உண்டு. நாயைக் கட்டிவைப்பது நல்லது.

குளியலறைச் சுவரில் ஒட்டியிருக்கும் மரத்தவளை தொட்டிக்கு மேலே நுரைக்கூடு கட்டும். பொரித்த தலைப்பிரட்டைகள் தண்ணீரில் விழும். தொட்டியைக் கட்டாயம் வெறுமையாக்கத்தான் வேண்டும். பிரட்டைகளை அதே தண்ணீரோடு ஒரு பேசினில் எடுத்து, நுளம்பு வலையால் இறுக மூடி நிழலில் வையுங்கள். நான்கு காலும் முளைத்ததும் வலையை எடுத்துவிடலாம்.

தேரை மோந்தால் தேங்காய் ஒல்லியாகும் என்று ஊரில் சொல்வார்கள். ஒல்லித் தேங்காய்க்குக் காரணம் உரக்குறையும் மகரந்தக்குறையும். தேரைமேல் பழி வேண்டாம்.

வேலைக்கு வருபவர் பெரும்பாலும் சிங்களம் பேசுபவர். தொடங்கும்போதே, 'கெம்போ இன்னவா, பலாகென கரன்ன' என்று சொல்லுங்கள், தவளை இருக்கு, பார்த்துச் செய்யுங்கள் என்று பொருள். எங்கள் வளவுக்கு வருகிற ஐயா, நான் சொல்ல முந்தியே இப்போது தேரையைப் போடத் தகரப் பேணி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டுதான் குனிகிறார்.